வக்கீலிடம் கட்டிய முன்பணத்தில் மீதியை வாங்கிய விதம்

சொத்துப் பிரிவினைக்காக ஒரு வக்கீலை அமர்த்தி முன்பணம் கட்டியிருந்தேன். வழக்கு தாக்கலாகும் முன்பே உடன்பிறந்தவர்கள் உட்கார்ந்து பேசி முடித்துக்கொண்டோம். மீதிப் பணத்தைக் கேட்டபோது, "ரிடெய்னர் திரும்பத் தரப்படுவதில்லை" என்று பதில் வந்தது. வக்கீலை அமர்த்தும்போது கட்டும் முன்பணத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

வக்கீலிடம் முன்கூட்டிக் கொடுக்கும் பணம் எல்லாம் ஒரே வகை அல்ல. அழைத்தபோது நமக்காக வர வேண்டும் என்பதற்கே கொடுக்கும் கட்டணம் ஒன்று. அது கொடுத்தால் கொடுத்ததுதான். வேலை நடக்க நடக்கக் கழித்துக்கொள்ளும் வைப்புத்தொகை வேறு. அதில் மிஞ்சுவது கட்சிக்காரருக்கே சொந்தம். அதை வக்கீல் தன் பணத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்ற விதியும் பல நாடுகளில் உண்டு. என் ஒப்பந்தத்தில் "மணிக்கணக்குக் கட்டணம் இதிலிருந்து கழிக்கப்படும்" என்று தெளிவாகவே இருந்தது.

ஆகவே பணத்தைக் கேட்டு எழுதாமல் கணக்கைக் கேட்டு எழுதினேன். எந்தத் தேதி, என்ன வேலை, எவ்வளவு நேரம், செய்தது யார்? பணம் தர மறுப்பது சுலபம், கணக்குக் காட்ட மறுப்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

வந்த கணக்கு சுவாரசியமாக இருந்தது. மணியைப் பத்தாகப் பிரித்து 6 நிமிடத்தை ஓர் அலகாக வைத்திருந்தார்கள். 2 நிமிடம் பேசினாலும் 0.1. அது தொழில் வழக்கம், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் "கிடைத்தது, நன்றி" என்ற என் மின்னஞ்சலைப் படிக்க 0.3, அதாவது 18 நிமிடம்! குமாஸ்தா என் கண்ணெதிரே நகலெடுத்த பத்திரங்களுக்கு வக்கீலின் கட்டணம். வேலையை நிறுத்தச் சொன்ன கடிதத்துக்குப் பிந்தைய தேதியில் "வழக்கு ஆய்வு". போதாக்குறைக்கு அந்தக் கணக்கைத் தயாரித்ததற்கும் ஒரு தொகை.

ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஏற்கிறேன், ஏற்கவில்லை என்று குறித்துக் காரணத்தோடு திருப்பி அனுப்பினேன். நோட்டீஸ் வரைந்த நேரத்தை முழுவதும் ஏற்றேன், நன்றாகவே வரைந்திருந்தார். பதில் இல்லை.

ஒழுங்கு நடவடிக்கைப் புகார் கொடுக்கச் சொன்னார்கள் நண்பர்கள். அது வக்கீலின் நடத்தையை விசாரிக்கும். கண்டிக்கும், தொழில் செய்யத் தடை போடும். நம் மீதிப் பணத்தை வாங்கித் தருவது பெரும்பாலும் அதன் வேலை இல்லை. கட்டணத் தகராறுக்கென்றே சில இடங்களில் வக்கீல் சங்கங்கள் நடுவர் ஏற்பாடு வைத்திருக்கின்றன. அங்கே விண்ணப்பித்தேன். நடுவரின் முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்துமா, பிடிக்காதவர் நீதிமன்றம் போகலாமா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

விண்ணப்ப நகல் போய்ச் சேர்ந்ததும் வக்கீலே அழைத்தார். குரலில் தேன். "இதற்கெல்லாம் சங்கம் வரை போகலாமா, சார்? பாதியைத் தந்துவிடுகிறேன்." பாதி என்பது எந்தக் கணக்கு என்று கேட்டேன். வரி வரியாகவே பேசினோம். "வழக்கு ஆய்வு" போனது, கணக்குத் தயாரித்த கட்டணம் போனது, நகலெடுத்தது குமாஸ்தாவின் விகிதத்துக்கு இறங்கியது. அந்த 18 நிமிடத்தை மட்டும் அவர் விடவே இல்லை; வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர் அனுப்பிய ஒப்புதல் கடிதத்தில் "எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன" என்று இருந்ததே தவிர, என் கோப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. மூலப் பத்திரங்களும் கோப்பும் திருப்பித் தரப்படும் என்று சேர்க்கச் செய்த பிறகே கையெழுத்திட்டேன். பணம் வங்கிக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. பத்திரங்களுக்குத்தான் இன்னொரு கடிதம் எழுத வேண்டியிருந்தது.