14 பேர்ச்சும் 20 இலட்சமும்

இலங்கை மலையகத்தில், பண்டாரவளை டவுனிலிருந்து கொஞ்சம் தள்ளி எங்களுக்கு 14 பேர்ச் காணியும் ஒரு வீடும் இருக்கின்றன. அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் வேலை செய்து, கடைசியில் கைக்கு வந்த ஈ.பி.எஃப் காசில் வாங்கியது. மேலே ஒரு மாடி எடுத்து, வெளியூரிலிருந்து வரும் ஆசிரியர்களுக்கு அறை வாடகைக்கு விடலாம், அதற்கு வீட்டை வங்கியில் ஈடு வைத்து 20 இலட்சம் எடுக்கலாம் என்பது என் கணவரின் யோசனை. 2025 நவம்பரில் டித்வா புயல் மழைக்கு வீட்டின் பின்னால் இருக்கும் மண்திட்டு சரிந்து குசினிச் சுவர் வரை வந்திருந்தது. அந்த இடத்தில் தாங்கு சுவரும் கட்டவேண்டும். சேர்த்தே செய்துவிடலாமே என்று நானும் தலையாட்டினேன்.

வங்கியில் கொடுத்த பட்டியலைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும், ஆனால் ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம். உறுதியின் (காணிப் பத்திரத்தின்) மூலப் பிரதி, நில அளவைப் படம், பதுளை காணிப் பதிவகத்திலிருந்து 30 வருடத்துப் பதிவுப் பிரதிகள், உள்ளூராட்சிச் சபைக்கு வரி கட்டிய சிட்டை, வீதிக் கோட்டுச் சான்றிதழ், அங்கீகரித்த வீட்டுப் பிளான், சம்பளச் சிட்டைகள். நம் பழைய கடன்களைக் காட்டும் கிரிப் அறிக்கையை அவர்களே எடுத்துக்கொள்வார்கள்.

சிக்கல் உறுதியிலேயே இருந்தது. சட்டத்தரணி அதை வாசித்துவிட்டு, "டீச்சர், இது நன்கொடை உறுதி. அம்மாவுக்குச் சீவிய உரித்து இருக்கு. அவங்களும் வந்து ஈட்டு முறியில கையெழுத்து வைக்கணும்" என்றார். காணி என் பெயரில்தான். ஆனால் அம்மா உயிரோடு இருக்கும்வரை அதை அனுபவிக்கும் உரிமை அவருக்கு. பெற்றவரின் நன்றிகெட்டத்தனத்தைக் காரணம் காட்டி, கொடுத்தவர் நன்கொடையை ரத்துச் செய்ய வழக்குப் போடலாம் என்பதால், இப்படிப்பட்ட உறுதி என்றாலே வங்கிகள் இரண்டு தடவை யோசிக்குமாம். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுக்கிற உறுதிகள் நிறைய இந்த வகைதான். ஈடு வைக்க நினைப்பவர்கள் முதலில் இந்த ஒரு வரியைத் தேடிப் பார்த்துவிட்டு மற்றக் கடதாசிகளுக்கு அலைவது நல்லது.

அடுத்து மதிப்பீட்டாளர் வந்தார். நாங்கள் புதிதாகப் பதித்த டைல்ஸை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராகப் பின்கதவைத் திறந்து வெளியே போய், சரிந்த திட்டையும் தண்ணீர் ஓடும் கானையும் படம் எடுத்தார். திட்டின் உச்சியில் நின்ற சவுக்கு மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அறிக்கையில் இரண்டு பெறுமதிகள் இருந்தன: சந்தையில் விற்றால் கிடைப்பது ஒன்று, கட்டாயத்தின் பேரில் அவசரமாக விற்றால் கிடைப்பது இன்னொன்று. வங்கி பார்ப்பது இரண்டாவதை. அதிலும் ஒரு பங்குதான் கடனாக வரும். அந்தத் திட்டினால் எங்கள் வீட்டுக்கு இரண்டுமே இறங்கிப்போயிருந்தன. கோபம் வந்தது. ஆனால் அவர் எழுதியதில் பொய் இல்லை.

அப்படியும் 20 இலட்சம் கிடைக்கும் என்றார்கள். 10 வருடம், 12 வீத வட்டி என்றால் மாதம் ஏறக்குறைய 28,700 ரூபாய். சமாளிக்கலாம். ஆனால் அந்த வட்டி முதல் இரண்டு வருடத்துக்குத்தான் நிலையானது, அப்புறம் சந்தையோடு ஏறி இறங்கும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 வீதப் புள்ளிகள் உயர்த்தியதை நாங்கள் மறக்கவில்லை. தெரிந்த ஒருவரின் தவணை அந்த வருடம் எகிறிய எகிறலும் நினைவிருக்கிறது. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இதே கடனுக்கு 20 வீதம் என்றால் மாதம் 38,650, 25 வீதம் என்றால் 45,500. வாடகை அறைகள் காலியாகக் கிடக்கும் மாதமும் இதே தொகைதான்.

அம்மாவிடம் கேட்டோம். "கையெழுத்து வைக்கிறேன் புள்ள. கட்ட முடியாமப் போனா எத்தன நாள்ல எறங்கச் சொல்லுவாங்க?" என்றார். கணவர் பதில் சொல்லவில்லை. சட்டத்தரணியிடம் விசாரித்தேன். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி, ஈடு வைத்த சொத்தை வங்கி நீதிமன்றம் போகாமலே ஏலம் விட வழி இருக்கிறது. பராட்டே என்று பேப்பரில் வருவது அதுதான். தொகையைப் பொறுத்து விதிவிலக்குகள் உண்டு, முன்கூட்டி அறிவித்தலும் வரும் என்றார். அம்மா கேட்ட நாள் கணக்கு மட்டும் யாரிடமும் கிடைக்கவில்லை.

அம்மாவின் தங்கை இன்னும் தோட்டத்து லயத்தில்தான், அந்த வரிசை வீட்டு அறையில்தான் இருக்கிறார். குடும்பமே பல தலைமுறையாகக் குடியிருந்தும் அந்த அறைக்கு உறுதி இல்லை, அதனால் ஈடு வைக்கும் பேச்சுக்கே இடமில்லை. அங்கிருந்து வந்த அம்மாவுக்கு உறுதி என்பது பெட்டியில் கிடக்கும் வெறும் கடதாசி அல்ல. அது எனக்கும் தெரியும், ஆனாலும் நான் முடிவெடுத்தது அதை வைத்து அல்ல, 45,500ஐ வைத்து.

மாடியை விட்டுவிட்டோம். சுவர் மட்டும் அவசரம். அரச ஊழியருக்கான இடர் கடனை 4.2 வீத வட்டியில் எடுத்தேன். அதற்கு வீடும் வேண்டாம், உறுதியும் வேண்டாம், இரண்டு பிணைகாரர்கள் போதும், தவணை சம்பளத்தில் கழியும். அதற்கு உச்சவரம்பு உண்டு, அதனால் மீதிக்குக் கணவர் சீட்டை எடுத்தார். சுவரில் தண்ணீர் வடிய விடும் குழாய்களை நெருக்கமாக வைக்கச் சொல்லி மேசனோடு கொஞ்சம் சண்டையும் பிடித்தேன்.

மதிப்பீட்டுக் கட்டணமும் பதிவுப் பிரதிகளுக்குச் செலவழித்ததும் திரும்பி வரவில்லை. சுவர் முடிந்தபின் பெறுமதி கூடியிருக்கும், மறுபடி கேட்டுப் பார்க்கலாம் என்று கணவர் அவ்வப்போது சொல்கிறார். வட்டியை முழுக் காலத்துக்கும் நிலையாக எழுதித் தரும் வங்கியைக் கண்டுபிடித்துவிட்டு வாருங்கள், பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.