செங்கோர் என்பவர்கள் எந்த ஊர்க்காரர்கள்?

செனகல் நாட்டில் குடியேறுகிறவர்கள் தங்கள் குடும்பப்பெயரைத் தயங்காமல் சொல்லப் பழகிக்கொள்ள வேண்டும். அங்கே இருவர் சந்தித்தால் நலம் விசாரிப்பதற்கு முன்பே ஒருவர் மற்றவரின் குடும்பப்பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, கையைப் பற்றியபடி அந்தப் பெயரையே இரண்டு மூன்று முறை சொல்லி வணங்குவார். வொலொஃப் மொழியில் 'சாந்த்' எனப்படும் அந்தப் பெயர் தெரிந்துவிட்டால், எதிரில் நிற்பவர் எந்தப் பக்கத்துக்காரர், எந்த இனத்தார், அவரைக் கேலி பேசலாமா, அல்லது மரியாதையோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமா என்பதெல்லாம் ஏறக்குறைய முடிவாகிவிடும். முந்திரிக்கொட்டை கொள்முதல் வேலைக்காகத் தூத்துக்குடியிலிருந்து, செனகலின் தென்பகுதியான காசமான்சின் பெரிய ஊரான சிகின்ஷோருக்கு வந்து சேர்ந்த எனக்கு, அந்த நாட்டுக்குள் நுழையும் வாசலாக அமைந்தது இந்த வழக்கம்தான். செங்கோர் என்ற ஒரு குடும்பப்பெயரின் ஊரைத் தேட வைத்ததும் இதுதான்.

என்னோடு தங்கியிருந்த பண்ருட்டிக்காரர் ஒருவருக்கு இது பெரிய சங்கடமாக இருந்தது. தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்வதோடு சரி. கடவுச்சீட்டில் அந்த இடத்தை வெறுமையாக விடக்கூடாது என்பதற்காக அவர் தம் தந்தையின் பெயரை எழுதியிருந்தார். அதனால் கிடங்கில் மூட்டை சுமப்பவர் முதல் தேநீர் விற்கும் சிறுவன் வரை எல்லோரும் அவரை அவருடைய அப்பாவின் பெயரால் கூப்பிட்டார்கள். பெற்றவரின் பெயரைச் சிறு பிள்ளைகள் வாயில் கேட்டுப் பழக்கமில்லாத அவர் முதலில் முகம் சுளித்தார். அவர்கள் அந்தப் பெயரைச் சொன்ன விதத்தில் இருந்த மரியாதை புரிந்த பிறகு, காலமாகிவிட்ட தந்தையை நாள் முழுவதும் நினைவூட்டுகிறார்கள் என்று நெகிழ்ந்து சொல்லத் தொடங்கினார்.

எனக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. நான் முத்துக்குளித்துறைக் கடற்கரையைச் சேர்ந்தவன். எங்கள் குடும்பப்பெயர் கோமஸ். 1530களில் எங்கள் பரதவ முன்னோர் திருமுழுக்குப் பெற்றதைத் தொடர்ந்து பெர்னாந்து, மச்சாது, ரொட்ரிகோ, வாஸ் முதலிய போர்த்துக்கேயப் பெயர்கள் எங்கள் கரையில் நிலைத்தன. அவற்றில் ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தது. சிகின்ஷோரில் அதைச் சொன்னபோது யாரும் வியக்கவில்லை. 'கோமிஸ்' என்று தங்கள் வாய்க்கு ஏற்றபடி திருத்திக்கொண்டு, "மஞ்சாக் இனத்தாரா?" என்று கேட்டார்கள். அண்டை நாடான கினி-பிசாவிலிருந்தும் காசமான்சிலிருந்தும் வரும் மஞ்சாக் மக்களிடையே கோமிஸ், பிரெய்ரா, லோப்பி என்ற பெயர்கள் சாதாரணம். கோமஸ், பெரெய்ரா, லோபஸ் என்ற போர்த்துக்கேயப் பெயர்களே அங்கு அப்படி உருமாறியிருக்கின்றன. சிகின்ஷோரே போர்த்துக்கேயர் 1645இல் ஏற்படுத்திய வணிகத்தளம். 1886இல்தான் அது பிரெஞ்சுக்காரர் கைக்கு மாறியது. பழைய குடும்பங்களில் போர்த்துக்கேயமும் உள்ளூர் மொழிகளும் கலந்து பிறந்த கிரியோல் மொழி இன்றும் பேசப்படுகிறது. நான் வாங்க வந்த முந்திரியும் அதே கப்பற்காரர்கள் பிரேசிலிலிருந்து கொண்டுவந்து இரண்டு கரைகளிலும் பரப்பிய மரத்தின் காய்தான்.

ஏப்ரல் முதல் ஜூலை வரை கொட்டைக் காலம். உள்ளூர் வியாபாரிகள் கொண்டுவரும் சணல் மூட்டைகளிலிருந்து ஒரு கிலோ மாதிரி எடுத்து, எத்தனை கொட்டை இருக்கிறது என்று எண்ணி, ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டி, நல்ல பருப்பு, புள்ளி விழுந்தது, முற்றாதது, சொத்தை என்று தனித்தனியாகக் குவிக்க வேண்டும். தேறிய பருப்பை நிறுத்து, 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு கிடைக்கும் என்று கணக்கிட்டுத்தான் விலை பேசுவோம். 50 பவுண்டுக்கு மேல் நின்றால் சரக்கு நல்ல சரக்கு. வெட்டும்போது ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் விரல்களைப் பொசுக்கிக் கறுப்பாக்கிவிடும். அந்தக் கறுத்த கையை நீட்டி எனக்கு இந்தக் கணக்கின் உள்ளூர் நுணுக்கங்களைச் சொல்லிக்கொடுத்த கிடங்குப் பொறுப்பாளரின் குடும்பப்பெயர் செங்கோர்.

அந்தப் பெயரை அறியாத இந்தியர் செனகலில் இருக்க முடியாது. 1960 முதல் 1980 வரை நாட்டின் முதல் குடியரசுத் தலைவராக இருந்த கவிஞர் லெயோபோல் செதார் செங்கோரின் பெயரில் தலைநகர் டாக்காரில் விளையாட்டரங்கம் இருக்கிறது. பழைய விமான நிலையத்துக்கும் அவர் பெயரைத்தான் வைத்தார்கள். அவர் டாக்காருக்குத் தெற்கேயுள்ள ஜோவால் என்ற கடற்கரை ஊரில் 1906இல் பிறந்த செரேர் இனத்தவர். ஆகவே எங்கள் பொறுப்பாளரையும் செரேர் என்றே எண்ணினேன். அவரோ தாம் ஜோலா இனத்தவர் என்றும், உசூய் பக்கத்துக் கிராமத்தில் நெல் விளைவிக்கும் குடும்பத்தில் பிறந்தவர் என்றும், ஜோவாலை வாழ்நாளில் பார்த்ததேயில்லை என்றும் சொன்னார். இரண்டு வேறு இனங்கள், இரண்டு வேறு மொழிகள், இடையில் காம்பியா என்ற தனி நாடு. இத்தனைக்கும் பெயர் ஒன்று. அன்றிலிருந்து இந்தப் பெயரைத் தேடுவது எனக்கு ஓய்வுநேர வேலையாகிவிட்டது.

செனகலில் இது அரிய பெயர்களில் ஒன்று. ந்தியாய், தியோப், ஃபால், சோவ், தியாலோ, பா என்ற பெயர்களை எந்தத் தெருவிலும் கேட்கலாம். செரேர் மக்களிடையேகூட ஃபாய், சார், தியூஃப், ங்கோம், சேன் என்பவைதான் மிகுதி. செங்கோர் என்பவர்களைத் தேடினால் ஜோவாலும் உள்நாட்டிலுள்ள ஜிலோரும் அடங்கிய செரேர் நாட்டில் ஒரு கொத்து இருக்கிறது; தெற்கே உசூய், சிகின்ஷோர் பகுதியில் ஜோலா மக்களிடையே இன்னொரு கொத்து இருக்கிறது. இரண்டிலிருந்தும் பிழைப்புக்காகச் சென்றவர்கள் டாக்காரில் இருக்கிறார்கள். காம்பியாவிலும் அந்தப் பெயர் உண்டு. பிரெஞ்சு எழுத்தர்கள் எழுதியதற்கும் ஆங்கில எழுத்தர்கள் எழுதியதற்கும் உள்ள வேறுபாட்டால் அங்கே கடைசியில் ஓர் எழுத்து கூடியிருக்கும். இதே காரணத்தால் செனகலில் ந்தியாய் ஆனவர் காம்பியாவில் ந்ஜை ஆகிறார். தியோப் ஜோப் ஆகிறார். 2019இல் ஃபராஃபெனி அருகே காம்பியா ஆற்றின்மீது பாலம் திறக்கப்பட்ட பிறகு தரைவழியில் டாக்காருக்குப் போய்வருவது எளிதாகிவிட்டது. அந்த வழியில் எல்லைச் சாவடிகளில் ஒரே குலப்பெயர் அட்டைக்கு அட்டை வேறு எழுத்துகளில் இருப்பதைப் பார்க்கலாம்.

இவ்வளவு குறைவானவர்களைக் கொண்ட பெயர் நாட்டு வரலாற்றில் பிடித்திருக்கும் இடம் மிகப் பெரிது. ஜோவாலில் பிறந்த லாமின் செங்கோர் முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படைக்காகப் போரிட்டு, நச்சுப்புகையால் நுரையீரல் கெட்டவர். 1927 பிப்ரவரியில் பிரசெல்சில் நடந்த ஏகாதிபத்திய எதிர்ப்பு மாநாட்டில் ஜவாஹர்லால் நேருவும் கலந்துகொண்டார். அங்கே காலனி ஆட்சியை எதிர்த்து முழங்கிய லாமின், அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்துபோனார். செனகல் 2022இல் முதன்முறையாக ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றபோது கால்பந்துக் கூட்டமைப்புக்குத் தலைவராக இருந்தவர் ஒகுஸ்தேன் செங்கோர்.

இவர்களைவிட என்னைத் திகைக்க வைத்தவர் ஒகுஸ்தேன் தியாமக்கூன் செங்கோர் என்ற கத்தோலிக்கக் குரு. உசூய் பகுதியில் 1928இல் பிறந்த இவர், காசமான்ஸ் தனி நாடாக வேண்டும் என்ற இயக்கத்தின் தலைவராக இருந்தார். 1982 டிசம்பரில் சிகின்ஷோரில் மக்கள் ஊர்வலமாகச் சென்ற நாட்களில் கைது செய்யப்பட்டார். பல ஆண்டுகள் சிறையிலும் வீட்டுக்காவலிலும் கழித்து, 2004 டிசம்பரில் அரசுடன் அமைதி உடன்பாட்டில் கையொப்பமிட்டு, 2007இல் மறைந்தார். நாட்டைக் கட்டியவரும் அதிலிருந்து பிரிய வேண்டும் என்றவரும் ஒரே குடும்பப்பெயர் தாங்கியவர்கள். அந்த நெடிய மோதலில் கண்ணிவெடிக்குக் காலை இழந்தவர்களையும், விட்டு ஓடிய கிராமங்களுக்குத் திரும்ப முடியாதவர்களையும் முந்திரித் தோப்புகளுக்குப் போகும் வழிகளில் நான் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தச் செய்தியை வெறும் ஒற்றுமையாக எண்ணிக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

பெயரின் பிறப்பைப் பற்றி ஊரில் சொல்லப்படும் விளக்கம் ஒன்றுதான். போர்த்துக்கேய மொழியில் ஐயா, பெருமகன் என்ற பொருளில் வழங்கும் 'சென்யோர்' என்ற சொல்லே செங்கோர் ஆனது என்பார்கள். குடியரசுத் தலைவரே அப்படித்தான் நம்பினார். தம் முன்னோர் தெற்கே மாண்டிங்கா மக்களின் கபூ அரசு இருந்த பகுதியிலிருந்து வந்தவர்கள் என்றும், தம் உடலில் ஒரு துளி போர்த்துக்கேயக் குருதி இருக்கக்கூடும் என்றும் எழுதினார். இதற்குச் சூழல் துணைநிற்கிறது. ஜோவாலில் போர்த்துக்கேய வணிகர் வெகு காலம் தங்கியிருந்தனர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே போர்த்துக்கேய யூத வணிகரும் இருந்தனர். செரேர் நாட்டின் சீன் அரசை ஆண்ட கெல்வார் குலத்தாரும் கபூவிலிருந்து வந்தவர்கள் என்பது மரபு. தெற்கிலிருந்து வடக்கே மனிதர்கள் நடந்த பாதை ஒன்று இருந்திருக்கிறது. பெயர் இரு முனைகளிலும் இருப்பதற்கு அந்தப் பாதையே போதுமான காரணம்.

ஆனாலும் போர்த்துக்கேய விளக்கத்தை நான் முழுமையாக ஏற்கவில்லை. கோமிசும் பிரெய்ராவும் போர்த்துக்கேயரின் குடும்பப்பெயர்கள். திருமுழுக்கின்போதோ வணிகரின் வீட்டிலிருந்தோ அவை இறங்கிவந்த வழி தெளிவாகத் தெரிகிறது. 'சென்யோர்' யாருடைய குடும்பப்பெயரும் இல்லை, அது விளிச்சொல். சிகின்ஷோர் என்ற ஊர்ப்பெயருக்கும் இப்படி ஒரு கதை உண்டு. "நான் வந்தேன், அவர்கள் அழுகிறார்கள்" என்ற பொருளுள்ள போர்த்துக்கேயத் தொடரே ஊர்ப்பெயராயிற்று என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அந்த இடத்தில் முன்பே வாழ்ந்த பைனுக் இனக் குடியினரான இஸ்கிஷோக்களின் பெயரே அது என்று வரலாற்றாசிரியர்கள் காட்டியிருக்கிறார்கள். வெளியார் சொல்லோடு ஒலி ஒத்துப்போனால் அதையே மூலமாகக் கொள்ளும் வழக்கம் இந்தக் கரையில் வலுவாக இருக்கிறது. செங்கோர் என்ற பெயரும் தெற்கின் பழைய மொழிகளிலிருந்து பிறந்து, பிறகு போர்த்துக்கேயச் சொல்லின் சாயலைப் பெற்றிருக்கலாம் என்பதே என் எண்ணம்.

கொட்டைக் காலம் முடிந்த ஓர் ஓய்வில் ஜோவாலுக்குப் போனேன். குடியரசுத் தலைவர் செங்கோரின் தந்தை பசில் தியோகோய் செங்கோர் நிலக்கடலை வணிகத்தில் செழித்தவர். செரேர் மொழியில் தியோகோய் என்றால் சிங்கம். அந்த வீடு இப்போது அருங்காட்சியகம். அருகே சிப்பி ஓடுகளாலேயே ஆன ஃபாதியூத் தீவில், கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் ஒன்றாக அடக்கம் செய்யப்படும் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வெள்ளைச் சிலுவைகளில் ஃபாய், ந்தூர், தியூஃப், சார் என்று வாசித்துக்கொண்டே மேடேறினேன். அவற்றினிடையே செங்கோர் என்ற பெயர் ஆங்காங்கேதான் கண்ணில் பட்டது. சொந்த ஊர்ப் பக்கத்திலேயே அது சிறுபான்மைப் பெயர்தான்.

செரேர் மக்களிடையே குடும்பப்பெயர் தந்தை வழியில் வந்தாலும், 'திம்' என்ற குலம் தாய் வழியில் வருகிறது; சொத்திலும் ஒரு பகுதி முன்னாளில் தாய் வழியில்தான் இறங்கியது. ஆகவே ஒருவருடைய குடும்பப்பெயர் அவருடைய வரலாற்றில் பாதியைத்தான் சொல்லும். மாடு மேய்த்த தாய்மாமன் தோகோ வாலியைத் தலைவர் தம் கவிதைகளில் அத்தனை அன்போடு பாடியதற்கு இந்த முறையே காரணம் என்று எனக்குப் படுகிறது. தாய்மாமன் மடியில் காது குத்திக்கொண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தலைவர் செங்கோர் 1974இல் சென்னைக்கு வந்து, கறுப்பின மக்களின் பண்பாட்டுப் பெருமையை முன்வைத்த நீக்ரிட்யூட் கொள்கையையும் திராவிடப் பண்பாட்டையும் இணைத்து உரையாற்றினார். 1970களில் மொழியியலாளர் உ. ப. உபாத்யாயா டாக்காரில் தங்கித் திராவிட மொழிகளையும் ஆப்பிரிக்க மொழிகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். அந்த மொழியுறவை இன்று பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்பதில்லை. எனக்கும் அது உறுதியாகத் தோன்றவில்லை. ஆனால் தம் மக்களின் உறவினர்களை இவ்வளவு தொலைவில் தேடிய செங்கோரின் மனத்தை நான் மதிக்கிறேன்.

சிகின்ஷோருக்குத் திரும்பியதும் கிடங்குப் பொறுப்பாளரிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். போர்த்துக்கேயக் கதையை அவர் பொருட்படுத்தவில்லை. அகேன், ஜம்போஞ் என்ற இரு சகோதரிகள் ஒரே படகில் சென்றபோது சங்கோமார் முனையருகே படகு உடைந்தது என்றும், தெற்கே ஒதுங்கியவள் ஜோலாக்களுக்கும் வடக்கே ஒதுங்கியவள் செரேர்களுக்கும் தாயானாள் என்றும் இரு இனத்தாரும் சொல்லும் கதையே அவருக்குப் போதுமானது. அந்த உறவை வைத்துத்தான் ஜோலாவும் செரேரும் எங்கே சந்தித்தாலும், "நீ என் அடிமை, என் சோற்றைத் தின்றவன்" என்று உரிமையோடு கேலி பேசிக்கொள்கிறார்கள். அதற்கு யாரும் கோபித்துக்கொள்ளக்கூடாது என்பது முறை. எங்கள் கிடங்குக்கு வரும் செரேர் லாரி ஓட்டுநர் பொறுப்பாளரைப் பார்த்து, எங்கள் பெயரைத் திருடிக்கொண்டு ஓடிவந்தவனே என்று கூவுவார். படகில் அதை விட்டுவிட்டுப் போனது உங்கள் பாட்டிதான் என்று இவர் பதில் சொல்வார். சிகின்ஷோர் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பொறுப்பாளரின் மகளிடமும் உடன் படிப்பவர்கள், "செங்கோர் என்றால் செரேரா, ஜோலாவா?" என்று கேட்பதுண்டாம், அவள் தன் தாயின் கிராமத்தின் பெயரைச் சொல்லிப் பதிலைத் தொடங்குகிறாள்.