விஜயதசமிக்கு வயலினில் சேர்க்கும் முன்

புரட்டாசி பிறந்ததும் பெற்றோர் கேட்கும் கேள்வி: "அஞ்சு முடியப்போகுது, வயலின்ல சேர்த்துடலாமா?" வயசை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. நாலரை வயசில் தயாரான குழந்தையும் உண்டு, எட்டு வயசிலும் வில்லைக் கண்டால் ஓடும் குழந்தையும் உண்டு. பெரும்பாலும் ஆறு வயசை ஒட்டித்தான் கூடிவருகிறது.

முதலில் பார்க்க வேண்டியது காது. வீணையில் மெட்டு இருக்கிறது; விரல் கொஞ்சம் முன்னே பின்னே விழுந்தாலும் மெட்டு சுரத்தைக் காப்பாற்றிவிடும். வயலினில் இருப்பது வெறும் கறுப்புப் பலகை. விரல் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லக் காதை விட்டால் வேறு ஆள் கிடையாது.

வீட்டிலேயே சோதிக்கலாம். ஆதார சுரத்தை விடாமல் ஒலிக்கும் சுருதிப் பெட்டியை 5 கட்டை என்ற சுருதி அளவில் வைத்து, குழந்தையை அந்த ஆதார சுரமான 'ஸா' பிடிக்கச் சொல்லுங்கள். சேர்ந்ததும் பெட்டியை நிறுத்தி, மூன்று விநாடி கழித்து மறுபடி போடுங்கள். குழந்தையின் ஸா இருந்த இடத்திலேயே இருக்கிறதா, நழுவிவிட்டதா? அடுத்து நீங்களே ஸ-ப-ஸ பாடி, பஞ்சமத்தை, அதாவது 'ப'வை, வேண்டுமென்றே கொஞ்சம் இறக்கிப் பாடுங்கள். முகம் சுளித்தாலோ சிரித்தாலோ நல்ல சேதி. இரண்டிலும் தடுமாறினால் ஆறு மாதமோ ஒரு வருஷமோ வாய்ப்பாட்டு. ஆரம்பப் பயிற்சிகளான சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் வாயில் ஏறியிருந்தால், வயலினைத் தொடும்போது விரலைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால் போதும். அந்த ஒரு வருஷம் வீண் என்று நினைக்காதீர்கள். வயலின் பாடம் அங்கேயே தொடங்கிவிட்டது.

இரண்டாவது, உட்காருவது. நம் கர்நாடக இசை முறையில் சம்மணமிட்டு, வலது பாதத்தைச் சற்று முன்னே தள்ளி, வயலினின் சுருள் தலையைக் கணுக்கால் பக்கம் சாய்த்து, மறுமுனையை இடது மார்பில் அணைத்துக்கொள்கிறோம். கருவியை இந்த இரண்டு முனைகளும் தாங்குவதால்தான் இடது கை, சுரத்தை அசைத்து இழைக்கும் கமகத்துக்காக மேலும் கீழும் தாராளமாக ஓட முடிகிறது. குழந்தையால் 15 நிமிஷம் முதுகு வளையாமல் அப்படி உட்கார முடியுமா? முழங்கால் தூக்கிக்கொண்டு நின்றால், போர்வையை மடித்து உட்காரும் இடத்தில் போடுங்கள். குதிகால் வழுக்கினால் அடியில் ஈரத்துணி. சுருள் தலை கணுக்காலுக்கு எட்டாமல் குழந்தை கூன் போட்டால், கருவி சின்னது அல்லது கால் தள்ளி இருக்கிறது.

கருவியின் அளவில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். "வளர்ற பிள்ளை" என்று முக்கால் அளவு வயலினை வாங்கிவிடுவது தீபாவளிச் சட்டைக்குச் சரி, இதற்குச் சரிவராது. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. ஆரம்பப் பாடம் மாயாமாளவகௌளை ராகம். ஸா விரல் வைக்காத திறந்த தந்தி, ரிஷபம் ஆள்காட்டி விரல், காந்தாரம் நடுவிரல், மத்திமம் மோதிர விரல். இந்த ராகத்தின் ரி, க-வான சுத்த ரிஷபத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே முழு அளவு வயலினில் சுமார் 45 மி.மீ. இடைவெளி. கால் (1/4) அளவு வயலினில் அதுவே ஏறக்குறைய 35 மி.மீ. ஆறு வயசுக் குழந்தையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் விரித்து, ஸ்கேல் வைத்துப் பாருங்கள். எட்டாத கருவியைக் கொடுத்தால் காந்தாரம் எப்போதும் இறங்கியே பேசும், மணிக்கட்டு உள்ளே மடியும், தோள் தூக்கிக்கொள்ளும். பிறகு ஆசிரியர் காதைக் குறை சொல்வார், பாவம் அந்தக் காது சரியாகத்தான் இருக்கும். ரிஷபம் சற்று மேலே இருக்கும் சங்கராபரண ராகத்தில் அதே இரண்டு விரலுக்கு முழு அளவிலேயே 29 மி.மீ. போதும். கை ரொம்பச் சின்னதாக இருந்தால் அதிலிருந்து தொடங்கலாமா என்று ஆசிரியரைக் கேட்பதில் தப்பில்லை.

கடையில் அளக்க: கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, கழுத்திலிருந்து உள்ளங்கை நடு வரை டேப் பிடியுங்கள். 18 அங்குலத்தை ஒட்டி இருந்தால் கால் அளவு, 20 என்றால் அரை, 22 என்றால் முக்கால், 23-க்கு மேல் முழு அளவு. இரண்டுக்கும் நடுவே வந்தால் சின்னதையே எடுங்கள். வில்லும் அதே அளவில் இருக்க வேண்டும். பெரிய வில்லைக் கொடுத்தால் முழுசாக இழுக்கக் கை எட்டாமல் முழங்கை முதுகுக்குப் பின்னால் போகும். பள்ளிப் படிப்பு முடிவதற்குள் இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், நல்ல நிலையில் உள்ள பழைய கருவி புத்திசாலித்தனம்.

குழந்தையை விட்டுவிட்டு உங்களுக்கு வருவோம். அஞ்சு வயசு விரலால் பிருடையை (தந்தியை முறுக்கும் திருகு) திருப்ப முடியாது. வீட்டில் யாராவது ஒருவருக்குச் சுருதி சேர்க்கத் தெரியாவிட்டால், வாரத்தில் வகுப்பு இல்லாத நாளெல்லாம் குழந்தை தப்பான சுருதியில் சாதகம் (பயிற்சி) செய்யும். அதற்கு சும்மா இருப்பதே மேல்.

5 கட்டை என்றால் மேற்கத்தியப் பெயரில் ஜி சுருதி. கடையில் வாங்கும் தந்திகள் மேற்கத்திய ஜி-டி-ஏ-ஈ முறைக்கானவை. கீழ்த் தந்தி இரண்டையும் (ஜி, டி) அப்படியே விட்டு, மேல் இரண்டையும் (ஏ, ஈ) ஒவ்வொரு முழுச் சுரம் இறக்கினால் ஸ-ப-ஸ-ப கிடைத்துவிடும். அதற்கும் கீழே போனால் சின்ன வயலினில் தந்தி தொளதொளத்துக் கரகரக்கும். பிருடையைத் திருப்பும்போதே உள்ளே அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் நழுவும். ஐப்பசி மழையில் ஊறி இறுகிக்கொள்ளும், ஏசி அறையில் சுருங்கி வழுக்கும். வழுக்கினால் கொஞ்சம் சாக்பீஸ் தூள். தந்தியை ஏற்ற ஏற்ற, அதைத் தாங்கும் மரத்துண்டான குதிரை விரல் பலகைப் பக்கம் சாய்ந்துகொண்டே வரும், அவ்வப்போது நிமிர்த்தாவிட்டால் ஒரு நாள் படாரென்று விழும். புதுத் தந்தி போடும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். நாலையும் ஒரேயடியாகக் கழற்றினால் உள்ளே நிற்கும் குச்சி சரிந்துவிடும், அதை நிறுத்த ரிப்பேர்காரரிடம்தான் போக வேண்டும்.

புது வில் சத்தமே போடாது. கருவி பழுதில்லை, வில்லின் முடியில் ரோசின் என்ற பிசின் ஏறவில்லை. புது ரோசின் கட்டி கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும், உப்புத்தாளால் லேசாகச் சுரண்டிவிட்டு முடி முழுக்க இருபது முப்பது தடவை தேயுங்கள்.

சேர்ந்தபின் முதல் இரண்டு மூன்று வாரம் இடது கைக்கு வேலையே இருக்காது. திறந்த தந்தியில் நீளமாக வில், போக நாலு எண்ணிக்கை, வர நாலு. "இன்னும் ஒரு பாட்டுகூட வரலையே" என்று அந்தச் சமயத்தில் கேட்காதீர்கள். காலையில் 10 நிமிஷம், சாயங்காலம் 10 நிமிஷம். சனிக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார வைப்பதைவிட இது நன்றாக ஏறும். முடித்ததும் வில்லின் திருகைத் தளர்த்தும் வேலையைக் குழந்தையிடமே விடுங்கள். அது இந்த வயசிலேயே முடியும்.