சமையலறை அலுமாரிக்குப் புதிய கதவுகள்

வெள்ளவத்தையில் கடலுக்கு அண்மையில் உள்ள எங்கள் வீட்டின் சமையலறை அலுமாரிக் கதவுகள், ஈரக்காற்றாலும் சிங்க் தொட்டியிலிருந்து தெறிக்கும் நீராலும் விளிம்புகள் ஊதிப் பிளந்துபோனமையால், உட்பெட்டிகளை அப்படியே வைத்துக்கொண்டு கதவுகளையும் இலாச்சி முகப்புகளையும் மட்டும் மாற்றினோம்.

பழைய கதவை அளந்து அதே அளவில் வெட்டச் சொல்வது தவறு. ஊதிய பலகை உண்மையான அளவைக் காட்டாது. ஆகவே பெட்டியின் வெளியகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில் அளந்து, மிகச் சிறிய அளவையே கணக்கில் எடுத்தேன். பெட்டியை முழுதாக மூடும் இரட்டைக் கதவுகளுக்கு, 600 மில்லிமீற்றர் அகலத்தில், இரு ஓரங்களிலும் 1.5, நடுவில் 3 என இடைவெளி விட்டால், ஒவ்வொரு கதவும் 297 மில்லிமீற்றராக வரும். பலகையின் வெட்டிய விளிம்பில் ஒட்டும் பட்டியின் தடிப்பும் இதற்குள் அடங்க வேண்டும். மூலைவிட்டங்கள் இரண்டும் சமமாக இல்லாவிட்டால் பெட்டி சாய்ந்திருக்கிறது என்று பொருள். முதலில் அதையே நேராக்க வேண்டும்.

கதவை மூடினால் வெளியே தெரியாத மறைபிணைச்சலின், கதவுக்குள் பதியும் கிண்ணத்துக்கு 35 மில்லிமீற்றர் விட்டமுள்ள குழி தேவை. 18 மில்லிமீற்றர் பலகையின் மறுபுறம் துளைபடாதபடி, தச்சர் துளைப்பான் முனையில் ஆழத்தைக் குறித்துக்கொண்டே வேலை செய்தார். அந்தக் கவனத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

இலாச்சி முகப்புகளை இருபக்கப் பசைநாடாவால் தற்காலிகமாக ஒட்டி, இடைவெளிகளைச் சரிபார்த்த பின்னரே உள்ளிருந்து திருகாணி முடுக்கினோம். வெட்டிய விளிம்புகள் அனைத்துக்கும், குறிப்பாகச் சிங்கின் கீழுள்ள கதவுகளின் அடிவிளிம்புக்கு, பீவீசீ பட்டி ஒட்டுவித்தேன்; பழைய கதவுகளில் ஈரம் ஏறியது அவ்வழியாகத்தான்.