கிரானோன் ஏற்றமும் எங்கள் குசினியும்

எங்கள் தொழிலில் 'கூப்பூர்' என்று ஒரு நேரம் உண்டு. மதியச் சாப்பாடு முடிந்து, குசினியைக் கழுவித் துடைத்த பிறகு, இரவு வேலை தொடங்கும்வரை கிடைக்கும் இரண்டரை மூன்று மணி நேர இடைவெளி. பாரிஸில் வேலை செய்த காலம் முழுக்க அந்த நேரத்தை நான் வெறுத்தேன். வீட்டுக்குப் போய்வர நேரம் போதாது. கடைக்குள் இருக்கவும் விடமாட்டார்கள். மழை நாட்களில் மெத்ரோ நிலையத்துக்குள் நின்று பொழுதைக் கழித்திருக்கிறேன். அதே கூப்பூருக்காகக் காலையிலிருந்து காத்திருக்கத் தொடங்கியது 2022 யூலையில். டூர் து பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் நாளுக்கொரு கட்டமாக நடக்கும், அதன் மலைக்கட்டங்கள் அநேகமாக அந்த நேரத்துக்குள்தான் முடியும்.

அந்தக் கோடையில் பிரியான்சோனுக்குப் பக்கத்தில், கிசான் பள்ளத்தாக்கில், ஒரு ஹோட்டல் குசினியில் பருவ வேலைக்குப் போயிருந்தேன். பாரிஸ் ஆஸ்தர்லிட்ஸில் இரவு ரயில் ஏறினால் விடிந்த பிறகு மலைக்குள் இறக்கிவிடும். கோப்பை கழுவுவதில் தொடங்கி, மரக்கறி வெட்டி, சோஸ் கிண்டி, இருபது வருடத்துக்கு மேல் உழைத்து நெருப்படியில் நிற்கும் சமையல்காரனாகியிருந்தேன். ஷெஃப் பிரெத்தாஞ் பகுதிக்காரர். பரிமாறுபவர்களில் ஒரு பெண் பெல்ஜியத்தின் பிளமிஷ் பக்கம். கோப்பை கழுவியவன் கொலம்பியாவின் பொயாக்காவிலிருந்து வந்த பெடியன், சைக்கிள் வீரர் நைரோ கின்டானாவின் மாகாணம். நான் சொல்லிக்கொடுத்து என்னை "அண்ணை" என்றே கூப்பிடுவான். டூரில் ஆளுக்கொரு வீரர்: ஷெஃபுக்கு வாரன் பார்கில், பெல்ஜியப் பெண்ணுக்கு வூட் வான் ஆர்ட், பெடியனுக்குக் கின்டானா. எனக்கு மட்டும் ஆள் இல்லை.

"உங்கள் ஊரில் மலை உண்டா?" என்று ஷெஃப் ஒருநாள் கேட்டார். யாழ்ப்பாணத்தில் மலை ஏது? ஆனால் வல்லை வெளி இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெற்றோல் தடை. நோயாளியும் விறகு மூட்டையும் எல்லாமே சைக்கிள் கரியலில்தான் போகும். நெல்லியடியிலிருந்து யாழ்ப்பாணம் ரியூசனுக்கு நானும் பெரியம்மாவின் மகன் அண்ணனும் சைக்கிளில் போவோம். சோளகக் காற்றுக் காலத்தில் வல்லை வெளியைக் கடப்பது பெரும்பாடு. மரம் இல்லை, வீடு இல்லை, இரண்டு பக்கமும் வெட்டவெளி. காற்று நேரே நெஞ்சில் வந்து அறையும். அண்ணன் முன்னுக்குப் போய், "என்ரை பின்சில்லை மட்டும் பார்த்துக்கொண்டு வா" என்பார். அவருடைய முதுகுக்குப் பின்னால் காற்று இல்லாத சிறிய இடம் ஒன்று இருக்கும். அதைவிட்டு அரைமுழம் விலகினாலும் தெரியும். வெளியைத் தாண்டி ஆவரங்கால் பக்கம் வரும்போது எனக்கு மூச்சு சரியாக இருக்கும், அண்ணனுக்கு உழக்கவே ஏலாது. அங்கிருந்து நான் முன்னுக்கு. இதை நான் பிரெஞ்சில் சொல்லி முடித்ததும் பெல்ஜியப் பெண் மேசையில் தட்டி, "அப்ப உனக்கு எல்லாமே தெரியும்!" என்றாள். அன்றிலிருந்து எனக்கும் அந்த வாதங்களில் ஒரு கதிரை கிடைத்தது.

யூலை 13, பதினொராவது கட்டம். ஆல்பர்வில்லில் தொடங்கி, தெலெகிராஃப், கலிபியே இரண்டையும் ஏறி இறங்கி, எங்கள் பள்ளத்தாக்குக்குள் வந்து, கொல் து கிரானோன் உச்சியில் முடியும் சுமார் 152 கிலோமீட்டர். கலிபியே 2,642 மீட்டர் உயரம். கிரானோன் 2,413. ஆனால் கிரானோனின் கடைசி ஏற்றம் 11.3 கிலோமீட்டருக்குச் சராசரி 9.2 விழுக்காடு. நூறு மீட்டர் போனால் ஒன்பது மீட்டருக்கு மேல் உயர வேண்டும், மூச்சு விடும்படி சமதரை எங்கும் இல்லை. டூர் அதற்கு முன் ஒரேயொரு தடவை, 1986இல்தான், அங்கே முடிந்திருக்கிறது.

பாதை பூட்டுவதற்கு முன்பே ஆட்கள் வந்து குவிந்துவிட்டார்கள். பதினொரு மணிக்கு நாங்கள் வழக்கமாக உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாட்டுக்கு அன்று ஒருவரும் உட்காரவில்லை. மதியம் கடைசித் தட்டு போனதும் ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டு நாலு பேரும் மேலே நடந்தோம்.

நேரில் நாங்கள் பார்த்தது சில விநாடிகள்தான். முன்னால் தனியாகப் பார்கில். ஷெஃப் தொண்டை கிழியக் கத்தினார். பிறகு, மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருப்பவருக்கான மஞ்சள் சட்டையில் டடேய் போகாச்சர், அவருக்காக முன்னால் இழுத்துக்கொண்டிருந்த ரஃபால் மய்கா, பக்கத்திலேயே யோனாஸ் விங்ககார்ட். 2020, 2021 இரண்டு வருடமும் டூரை வென்றவர் போகாச்சர். வயது 23. முகத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. மிச்சத்தைப் பெடியனின் கைபேசியில் நாலு தலையும் முட்டிக்கொண்டு பார்த்தோம். முடிவுக்கு ஐந்து கிலோமீட்டர் அளவில் விங்ககார்ட் பாய்ந்தார். போகாச்சர் எழும்பவில்லை. சிப் திறந்த மஞ்சள் சட்டை காற்றில் அடிக்க, தோள்கள் இரண்டு பக்கமும் ஆட, ஒவ்வொருவராக அவரைத் தாண்டிப் போனார்கள். பார்கிலையும் பிடித்துக் கடந்து விங்ககார்ட் முதலாவது. 59 விநாடி பிந்திக் கின்டானா இரண்டாவது. பெடியன் என்னைத் தூக்கியே விட்டான். போகாச்சர் 2 நிமிடம் 51 விநாடி பிந்தி ஏழாவது. மஞ்சள் சட்டை கை மாறியது.

கீழே இறங்கும்போதே வாதம் தொடங்கிவிட்டது.

"மலையில் பொய் இல்லை. ஒன்பது விழுக்காட்டில் ஒருவருக்குப் பின்னால் ஒளிந்து என்ன பயன்? காலில் இருந்தால் இருக்கு, இல்லையென்றால் இல்லை" என்றார் ஷெஃப். அது சரியான பேச்சுத்தான். காற்றை மறைப்பது வேகம் கூடக்கூடத்தான் உதவும். இருபது கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் முன்னால் போகிறவரின் முதுகு பெரிதாக எதையும் மிச்சம் பிடித்துத் தராது.

பெல்ஜியப் பெண் விடவில்லை. அவளுக்கு அந்தக் கட்டம் கிரானோனில் நடக்கவே இல்லை. காலையில் கொடி அசைந்ததுமே விங்ககார்டின் அணிக்காரரான வான் ஆர்ட் முன்னால் ஓடிவிட்டார், பின்னால் தேவைப்படும் நேரத்தில் ஆள் இருக்கட்டும் என்று. பிறகு, முடிவுக்கு அறுபது கிலோமீட்டர் இருக்கும்போது, கலிபியேயின் அடியில், அதே அணியின் பிரிமோஷ் ரோக்லிச் பாய்ந்தார். போகாச்சர் துரத்திப் பிடித்தார். உடனே விங்ககார்ட் பாய்ந்தார். அதையும் பிடித்தார். மறுபடி ரோக்லிச். ஒரே அணியின் இரண்டு பேர் மாறி மாறி அடிக்க, போகாச்சர் ஒவ்வொன்றுக்கும் தானே பதில் சொன்னார். அவருடைய அணியில் ஏற்கெனவே இரண்டு பேர் கோவிட்டால் வீட்டுக்குப் போய்விட்டார்கள். "அவன் தோற்றது அங்கே. இங்கே விழுந்தான், அவ்வளவுதான்" என்றாள்.

பெடியனுக்கு இரண்டும் இல்லை. "அவன் சாப்பிடவில்லை, அண்ணை. இது ஃபிராங்கால்." பிரெஞ்சுக்காரர் ஃபிராங்கால் என்பது சும்மா பசி அல்ல. உடம்பில் சேர்த்து வைத்த மாச்சத்து கடும் ஓட்டத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்ந்துபோகும். அதனால்தான் இந்தப் பந்தயக்காரர்கள் மணிக்கு 90 கிராமும் அதற்கு மேலும் மாச்சத்து எடுத்துக்கொண்டே உழக்குகிறார்கள். பாய்ச்சலுக்குப் பாய்ச்சல் பதில் சொல்லிக்கொண்டிருப்பவருக்குப் பையிலிருந்து எடுத்து மெல்ல நேரம் ஏது? வெயில் வேறு.

நான் எதுவும் சொல்லவில்லை. இரவு 130 பேருக்கு முற்பதிவு இருந்தது.

அன்றிரவு நடந்ததை நான் மறக்கவில்லை. நெருப்படியில் நானும், பக்கத்தில் ஒரு கொம்மி, அதாவது உதவிச் சமையல்காரன், பத்தொன்பது வயதுப் படிக்கிற பிள்ளை. அவன் கெட்டிக்காரன். ஆனால் அன்று கூட்டம் அதிகம் என்பதால் அவனை நான் நம்பவில்லை. ஒவ்வொரு தடவை அவன் இடுக்கியை எடுக்கும்போதும் "விடு, நான் பார்க்கிறேன்" என்றேன். ஆட்டிறைச்சி நான், மீன் நான், சோஸ் நான். ஷெஃப் கூப்பிடும் ஒவ்வொரு சீட்டுக்கும் "உய் ஷெஃப்" என்று பதில் சொன்னதும் நான்தான். ஒன்பது மணிபோல எனக்குக் காது கேட்டது, சொன்னது உள்ளே தங்கவில்லை. ஒரே சீட்டை மூன்று தடவை வாசித்தேன். நெருப்புக்கு முன்னால் நிற்கிறேன், வேர்வை குளிராக இருக்கிறது. கை நடுங்கி ஒரு துண்டு மீன் தரையில் விழுந்தது. காலையில் ஒரு கோப்பியும் பாண் துண்டும் சாப்பிட்டவன், மலைக்கு நடந்து போய்வந்தவன், பதினைந்து மணி நேரமாக வேறு எதையும் தொடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பெடியன் கழுவுமிடத்தை விட்டு வந்து, நிறையச் சீனி போட்ட கோப்பியை என் கையில் திணித்தான். வெண்ணெய் தடவிய பாணை அவனே பிய்த்துத் தந்தான். கொம்மி ஒன்றும் கேட்காமல் இடுக்கியை எடுத்தான். ஷெஃப் திட்டவில்லை, என்ன நடந்தது என்று கேட்கவும் இல்லை. அடுத்த சீட்டிலிருந்து என் பெயருக்குப் பதிலாகக் கொம்மியின் பெயரைக் கூப்பிட்டார். அவ்வளவுதான். அவன் "உய் ஷெஃப்" என்றான். இருபது நிமிடம் நான் தட்டுகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டு அவன் பின்னால் நின்றேன். ஒரு தட்டும் திரும்பி வரவில்லை.

நள்ளிரவுக்குப் பிறகு சீஸ், பாண், மிஞ்சிய உருளைக்கிழங்கு. வாதம் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது, ஆனால் இப்போது ஷெஃப் 1986க்குப் போனார். அவர் அப்போது சிறுபிள்ளை. அவர்கள் ஊர்ப்பக்கத்து வீரர் பெர்னார் இனோ கடைசியாக மஞ்சள் சட்டை அணிந்து ஓடியது இதே கிரானோனுக்கு. அன்று அதைப் பறித்தவர் எதிரணிக்காரர் அல்ல, சொந்த அணியின் கிரெக் லெமாண்ட். 1985இல் லெமாண்ட் தன் வாய்ப்பை விட்டுக்கொடுத்து இனோவை வெல்ல வைத்தார். அடுத்த வருடம் உனக்கு நான் உதவுவேன் என்று இனோ சொன்னார். ஆனால் 1986இல் இனோ திரும்பத் திரும்பப் பாய்ந்தார். மற்றவர்களைக் களைப்பாக்கி லெமாண்டுக்கு உதவத்தான் என்பது அவருடைய விளக்கம். கிரானோனுக்கு மறுநாள் ஆல்ப் துயேஸ் உச்சியில் இரண்டு பேரும் கைகோர்த்து வந்து சேர்ந்தார்கள். "இனோ சொல் தவறவில்லை" என்றார் ஷெஃப். "தவறினார்" என்றாள் பெல்ஜியப் பெண். அந்த 1985க்குப் பிறகு எந்தப் பிரெஞ்சுக்காரரும் டூரை வென்றதில்லை என்ற துக்கமும் ஷெஃபின் குரலில் இருந்தது. அதை நாங்கள் யாரும் தொடவில்லை.

"நீ ஏன் பேசாமல் இருக்கிறாய்? இன்று யார் வென்றது?" என்று என்னிடம் கேட்டார்.

"ரோக்லிச்" என்றேன்.

ஷெஃப் தாளை எடுத்துக் காட்டினார். முடிவுப் பட்டியலில் ரோக்லிச் வெகு கீழே. எனக்குத் தெரியும். ஒரு கிழமைக்கு முன் கற்கள் பதித்த பாதையில் விழுந்து, தோள்மூட்டு நழுவி, ரசிகர் ஒருவரின் கதிரையில் உட்கார்ந்து தானே அதைத் திரும்ப மாட்டிக்கொண்டு ஓடியவர் அவர். 2020இல் கடைசிக்கு முந்திய நாளில் டூரைப் போகாச்சரிடம் இழந்தவரும் அவர்தான். அந்தத் தோளோடு கலிபியே அடியில் பாய்ந்தபோது, இது தனக்கு ஆகாது என்பது அவருக்கு விளங்கியிருக்கும் என்று நான் நம்புகிறேன். அந்தப் பாய்ச்சல்கள் இல்லாமல் கிரானோன் இல்லை. விங்ககார்டிலும் எனக்குக் குறை இல்லை. டென்மார்க்கில், பந்தயக்காரராகி வரும் காலத்தில், காலையில் மீன் ஏற்றுமதி செய்யும் இடத்தில் ஐஸுக்குள் கைவைத்து வேலை செய்துவிட்டுப் பயிற்சிக்குப் போனவர். மீன் பெட்டி தூக்கிய எந்தக் கைக்கும் அந்தக் குளிர் தெரியும். ஆனால் அன்று என் மனம் ரோக்லிச்சோடுதான் இருந்தது. நான்கு நாளில் அவர் பந்தயத்தைவிட்டே போனார். விங்ககார்ட் பாரிஸில் 2 நிமிடம் 43 விநாடி முன்னிலையோடு வென்றார்.

ஆகஸ்ட் 17. கூப்பூர் நேரம். கின்டானாவின் இரத்த மாதிரிகளில் டிராமடோல் தெரியவந்ததாக அறிவித்து, அந்த டூரில் அவருடைய முடிவுகளை உலகச் சைக்கிள் சங்கம் நீக்கியது. பந்தயத்தில் எடுக்கக்கூடாது என்று சங்கம் 2019இலேயே தடுத்த வலிநிவாரணி அது. தான் எடுக்கவில்லை என்றார் கின்டானா. மேன்முறையீடும் அந்த வருடமே தள்ளுபடியானது. கிரானோனின் இரண்டாவது இடம் இல்லாமல் போயிற்று. அதுவரை ஒவ்வொரு நாளும் வாதிட்ட எங்களில் ஒருவரும் அன்று பெடியனுக்கு முன்னால் அதைப் பேசவில்லை. விதி விதிதான், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் அவன் என்னைத் தூக்கிச் சுற்றிய அந்த நிமிடத்தை எந்தச் சங்கம் எப்படி நீக்கும் என்று மட்டும் யோசித்தேன். மாலையில் வழக்கம்போலச் சட்டி கழுவினான். கொஞ்சம் அழுத்தித் தேய்த்தான்.

மறுவருடம், 2023 யூலை 19, கொல் து லா லோஸ் ஏற்றத்தில் போகாச்சர் மறுபடி உடைந்தார். "நான் முடிந்துவிட்டேன்" என்று அவரே ரேடியோவில் சொன்னது ஒலிபரப்பானது. ஐந்து நிமிடம் முடிவதற்குள் ஷெஃப் தொலைபேசி எடுத்தார். "பார்த்தாயா, கால்! கால்தான்!" என்றார். நான் லியோனில் வேறு குசினியில், நெருப்படியில் இருந்தேன். பின்னேரம் எடுத்துப் பேசினேன், ஒரு மணி நேரம் போனது. 2024, 2025 இரண்டு வருடமும் போகாச்சர் திரும்ப வென்ற பிறகும் அந்த வாதம் முடியவில்லை.

இப்போது என் பொறுப்பில் ஆறு பேர் இருக்கிறார்கள். யூலையில் மலைக்கட்டம் உள்ள நாட்களில் மதியச் சாப்பாட்டைப் பத்தரைக்கே வைத்துவிடுவேன். எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், நின்றுகொண்டு விழுங்கக்கூடாது. முதல் தட்டு கோப்பை கழுவுகிற தம்பிக்கு. அப்புறம்தான் நெருப்பைப் பற்றவைப்போம்.