18 ஃபிரேம் சிரிப்பு

“அந்தச் சிரிப்பு எதற்கு, சார்?” என்று உதவியாளன் கேட்டான். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “பார்க்கிறவர்களுக்காக” என்றேன். அந்தப் பதில்தான் இன்னும் உறுத்துகிறது.

நான் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் படத்தொகுப்பாளன். அந்தக் காட்சி சிறியது. தான் தன்பாலீர்ப்பாளன் என்பதைத் தம்பி அண்ணனிடம் சொல்கிறான். மூன்று முறை வாயெடுத்து, மூன்று முறையும் விழுங்கி, கடைசியில் சட்டைப் பொத்தானைத் திருகியபடி சொல்லிவிடுகிறான். அடுத்து அண்ணனின் முகம் வந்திருக்கலாம். நான் வாசலில் நிற்கும் மாமாவை வைத்தேன். உதட்டோரம் ஒரு நமுட்டுச் சிரிப்பு, 18 ஃபிரேம். வினாடிக்கு 25 ஃபிரேம் என்றால், முக்கால் வினாடிகூட ஆகாது.

கனம் கூடினால் சேனல் காட்சியையே தூக்கிவிடும் என்று இயக்குநர் பயந்தார். எனக்கும் அதே பயம்தான். காட்சி தப்பியது, அந்தப் பாத்திரமும் தொடரில் நிலைத்தது. தன்பாலீர்ப்பாளர் ஒருவரைக்கூட நேரில் அறியாதவர்களுக்கும், திரையில் பார்த்துப் பழகப் பழக வெறுப்பு தணியக்கூடும் என்று எட்வர்ட் ஷியாப்பாவும் சக ஆய்வாளர்களும் 2005இல் எழுதினார்கள். அதைப் பற்றிக்கொண்டுதான் பல இரவுகள் தூங்கியிருக்கிறேன். அவனைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாக நினைத்தவர்கள் இருந்திருப்பார்கள். ஒரு சிரிப்பு அதைக் கெடுத்துவிடுமா?

கெடுக்கும் என்றுதான் தோன்றுகிறது. இனக் காழ்ப்பு கொண்ட ஒரு குடும்பத் தலைவனைக் கேலிசெய்த அமெரிக்கத் தொடரைப் பற்றி, நீல் விட்மாரும் மில்டன் ரோக்கீச்சும் 1974இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். காழ்ப்பு மிகுந்த பார்வையாளர்கள் அந்தத் தலைவன் பக்கமே சாய்ந்திருந்தார்கள். மாமாவின் சிரிப்பை நான் பதற்றமாக நினைத்துத்தான் வைத்தேன். ஏற்கெனவே ஏளனம் செய்கிறவருக்கு அது துணைக்கு வந்த ஆள். தம்பி அத்தனை பாடுபட்டுச் சொன்னதை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்குக் காட்டிக்கொடுத்தது என் கத்தரி.

காட்சியே இல்லாமல் போயிருந்தால்? இந்தக் கேள்விக்கு நாளுக்கொரு பதில் சொல்லிக்கொள்கிறேன்.

உதவியாளன் மறுபடி எதுவும் கேட்கவில்லை. ஏன் கேட்டாய் என்று நானும் கேட்கவில்லை. அன்று மாலை, ஷாட்டுகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனைத் திறந்தபோது, மாமாவின் ஷாட்டுக்கு மேல் அடுக்கில் அண்ணனின் முகத்தைக் கச்சிதமாகப் பொருத்தி, அது திரையில் தெரியாதபடி அந்த அடுக்கை முடக்கி வைத்திருந்தான். தம்பியின் பொத்தானையே பார்த்துக்கொண்டிருக்கும் முகம். ஒரு விசையைத் தட்டியிருந்தால் போதும், மாமாவுக்குப் பதில் அவன் முகம் வந்திருக்கும். பார்த்தேன். அப்படியே ரெண்டருக்கு, இறுதி வீடியோவாக மாற, போட்டுவிட்டேன்.