ஜார்ஜியா கில்மோரின் அடுப்படி

அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரில் பேருந்துகளில் நிலவிய நிறப்பாகுபாட்டை எதிர்த்து 1955-56இல் நடந்த பேருந்துப் புறக்கணிப்பு என்றாலே ரோசா பார்க்ஸ், மார்ட்டின் லூதர் கிங் என்று இரண்டு பேரோடு முடித்துவிடுகிறோம். 381 நாள் கறுப்பின மக்கள் பஸ் ஏறவில்லை. அவர்களை ஏற்றிப்போன கார்களுக்கு யார் பெட்ரோல் போட்டார்கள்?

சமையல்காரர் ஜார்ஜியா கில்மோரும் அவரோடு சேர்ந்த பெண்களும் பொரித்த கோழி சாண்ட்விச், கேக் எல்லாம் செய்து சர்ச்சிலும் பியூட்டி பார்லர்களிலும் விற்றார்கள். வந்த காசைக் கில்மோர் போராட்டக் கூட்டத்தில் கொடுத்தார். அந்தப் பெண்களின் பெயரை மட்டும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் வெள்ளைக்காரர் வீட்டு வேலை போய்விடுமே!

1956இல் புறக்கணிப்புக்காகக் கிங் மீது போட்ட வழக்கில் கிங் தரப்பில் கில்மோர் சாட்சி சொன்னார், கடைசியில் கில்மோரின் வேலைதான் போனது. அசரவில்லை மனுஷி, வீட்டிலேயே சாப்பாட்டுக் கடை போட்டார். கிங் அங்கே வாடிக்கையாளர். இன்று அந்த வீட்டு முன்னால் நினைவுப் பலகை இருக்கிறது. பாடப்புத்தகத்திலும் நாலு வரி சேர்க்கலாம்.